கேஜ் உள்ள போயிடுச்சு, நான் கையெழுத்து போடல

நேர்மையா இருந்து என்னத்தைக் கண்டேன்னு கேட்டா, கேக்கறவங்க மனசு நோகாம சொல்ல என்கிட்ட பெரிசா எதுவும் இல்ல. பிரமோஷன் வரல, பாராட்டு வரல, தப்பு பண்ணவங்க யாரும் மாட்டவும் இல்ல. அப்பறம் எதுக்கு எழுதறேன்னா, எனக்குப் பின்னாடி வேலைக்கு சேர்ந்த ஒரு பொண்ணு போன வாரம் வந்து "அக்கா, ஒழுங்கா இருக்கறவங்கதான் எப்பவும் அடி வாங்கறாங்க, நான் மட்டும் எதுக்கு இருக்கணும்"னு கேட்டா, நான் அங்க நின்னு ஏதோ உளறிட்டு வந்துட்டேன், நைட்டு படுத்ததுக்கு அப்பறம்தான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு.

நான் மெஷின் ஷாப்ல குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லேத்துல கடைஞ்சு வர பீஸை அளந்து சரியா இருந்தா கையெழுத்து போடணும், இல்லன்னா நிறுத்தணும், அவ்ளோதான் வேலை. கேக்க சுலபமா இருக்கும். மாசக் கடைசி ராத்திரி எட்டு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்போது செஞ்சு பாத்தாதான் தெரியும்.

முதல்ல என் யோக்கியதையை சொல்லிடறேன், இல்லன்னா ஏதோ பிறவியிலேயே உத்தமி மாதிரி ஆயிடும். சேர்ந்த முதல் வருஷம் நானும் உட்கார்ந்த இடத்துல ரீடிங் எழுதிருக்கேன். முப்பது பீஸ் அளக்கணும், ஆறு அளந்தேன், எல்லாம் நல்லா இருந்துச்சு, மீதியையும் அதே ரேஞ்சுல மாத்தி மாத்தி நிரப்பிட்டேன். என் சீனியர் ஒருத்தர் ரிப்போர்ட்டை வாங்கி ஒரு நிமிஷம் பாத்துட்டு, ஆறாவது வரிக்கு கீழ பென்சிலால ஒரு கோடு போட்டார். "இதுவரைக்கும் அளந்த, இதுக்கு கீழ எழுதின"ன்னார். எனக்கு முகமே செத்துப் போச்சு. எப்படி சார் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன். நிஜ ரீடிங்ல ஒரே நம்பர் தொடர்ந்து மூணு தடவை வரும்மா, கற்பனையா எழுதறவங்க ஒரே நம்பரைத் திரும்ப எழுத பயப்படுவாங்க, நீ பாரு கடைசி இலக்கம் ஒரு இடத்துல கூட அடுத்தடுத்து ஒண்ணா வரலன்னார். அவர் யார்கிட்டயும் சொல்லல, திட்டவும் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி நான் போட்ட ரிப்போர்ட்ல எது அளந்தது எது எழுதினதுன்னு எனக்கே தெரியாம போயிருந்துச்சு, அதுதான் உறுத்திச்சு. ஏதாவது பழைய லாட்ல, அதாவது ஒண்ணா செஞ்சு அனுப்பின தொகுதில, பிரச்சினைன்னு யாராவது வந்தா என் ரிப்போர்ட்டை நானே நம்ப முடியாது. பொய்யோட முதல் செலவு இதுதான்னு அன்னைக்கு புரிஞ்சுது, மாட்டறதெல்லாம் ரெண்டாவது.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

ஒரு புஷ், அதாவது நடுவுல ஓட்டை உள்ள உருளை மாதிரி ஒரு பாகம், உள் விட்டம் 25 மி.மீ., டாலரன்ஸ் எச்7. அப்படின்னா 25.000ல இருந்து 25.021 வரைக்கும் இருக்கலாம், 21 மைக்ரான்தான் இடம். மனுஷ முடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான்னு வெச்சுக்கோங்க, அதுல மூணுல ஒரு பங்கு கூட கிடையாது. இதை செக் பண்ண பிளக் கேஜ்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பக்கமும் தலை, ஒரு பக்கம் கோ, இன்னொரு பக்கம் நோ-கோ. கோ உள்ள போகணும், நோ-கோ போகக்கூடாது. நோ-கோ போச்சுன்னா ஓட்டை பெருசாயிடுச்சுன்னு அர்த்தம். ஓட்டை சின்னதா இருந்தா திரும்ப கடையலாம், பெருசானது ஸ்கிராப்தான், எடுத்த இரும்பை திரும்ப ஒட்ட முடியாது.

அன்னைக்கு கேஜை துடைச்சு எண்ணெய் தொட்டு வெச்சேன். கோ போச்சு. திருப்பி நோ-கோ பக்கத்தை வெச்சேன், எப்பவும் விளிம்புல டக்குனு நிக்கும், கைக்கு அந்த டக்கு பழகியிருக்கும், அன்னைக்கு அது நிக்கவே இல்ல, சத்தமில்லாம வழுக்கிட்டு உள்ள போயிடுச்சு. எனக்கு வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. அடுத்த பீஸ், அதுவும் போச்சு. ஓட்டையோட விட்டத்தை நம்பரா காட்டற போர் கேஜ் போட்டு பாத்தா 25.028, 25.030. இருபது பீஸ் எடுத்ததுல ஏழு அவுட். விசாரிச்சா முந்தின ஷிப்ட்ல இன்செர்ட், அதாவது வெட்டற முனை, மாத்திருக்காங்க, அதுக்கேத்த மாதிரி மெஷின்ல கொடுக்கற ஆஃப்செட் அளவை தப்பா போட்டுட்டு ஓட்டிருக்காங்க, மாத்தினதுக்கு அப்பறம் வந்த பீஸை யாரும் அளக்கல.

நான் ரெண்டு வழி சொன்னேன். ஒண்ணு, முழு லாட்டையும் பிரிச்சு நல்லதை மட்டும் அனுப்பலாம். இல்லன்னா கஸ்டமர்கிட்ட உண்மையை சொல்லி டீவியேஷன், அதாவது அளவு கொஞ்சம் மாறினதை ஏத்துக்க அனுமதி, கேக்கலாம், அவங்க டிசைன்ல இடம் இருந்தா ஒத்துக்குவாங்க, நிறைய தடவை ஒத்துக்கிட்டும் இருக்காங்க. சூப்பர்வைசருக்கு ரெண்டும் பிடிக்கல. பிரிச்சா எண்ணிக்கை குறையும், டீவியேஷன் கேட்டா நம்ம பேர் கெடும்னார். "ஒம்போது மைக்ரான்மா, யாரு போய் அளக்கப் போறா, நீ என்னமோ ஏரோப்ளேன் செய்யற மாதிரி பேசற." நான் சத்தமெல்லாம் போடல. சார், நான் அளந்தது இது, ரிப்போர்ட்ல இதைத்தான் எழுத முடியும், நீங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணா உங்க பேர்ல போட்டு அனுப்பிக்கோங்கன்னு சொன்னேன். கை நடுங்கிட்டு இருந்துச்சு, அதை மறைக்க கேஜை இறுக்கிப் புடிச்சுட்டு நின்னேன். அவர் போடல. என் கூட வேலை பாத்தவர் ஒருத்தரைக் கூப்பிட்டார், அவர் வேற ரீடிங் எழுதி கையெழுத்து போட்டார், வண்டி கிளம்பிடுச்சு. அடுத்த அப்ரைசல்ல அவருக்கு சீனியர் இன்ஸ்பெக்டர் கிடைச்சுது. எனக்கு "டீம்ல ஒத்துப்போக கத்துக்கணும்"னு ஒரு வரி.

இதுவரைக்கும் உங்க எல்லார் வாழ்க்கையிலயும் ஏதோ ஒரு ரூபத்துல நடந்திருக்கும், இதுல புதுசு ஒண்ணுமில்ல. இதுக்கப்பறம் நான் பண்ணதுதான் சொல்ல வெக்கமா இருக்கு. ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஆபீஸுக்கு வந்ததும் கஸ்டமர் கம்ப்ளைன்ட் ஃபைலைத் திறந்து அந்த லாட் நம்பரைத் தேட ஆரம்பிச்சேன். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, ஏழெட்டு மாசம். வரல. ஒரு திங்கக்கிழமை ஃபைலை மூடும்போது எனக்குள்ள ஏமாற்றம் வந்துச்சு பாருங்க, அப்பதான் திடுக்குனு ஆச்சு. நான் எதை எதிர்பார்த்துட்டு இருக்கேன்? எங்கயோ ஒரு மெஷின் ஆட்டம் கண்டு நின்னு போகணும், யாரோ ஒருத்தர் வேலை கெடணும், முடிஞ்சா கொஞ்சம் பெருசாவே கெடணும், அப்பதான் நான் சொன்னது சரின்னு ஆகும். எதைத் தடுக்கறதுக்காக கையெழுத்து போடலையோ அது நடக்கணும்னு தினமும் வேண்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அமெரிக்காவோட சேலஞ்சர் விண்கலம் கதை எங்க ட்ரெய்னிங்ல சொல்லுவாங்க, அதுவரைக்கும் அது எனக்கு ஒரு பாடம், அவ்ளோதான். ரோஜர் போஜோலின்னு ஒரு இன்ஜினியர், பூஸ்டர் ராக்கெட் செஞ்ச கம்பெனில இருந்தவர். ராக்கெட்டோட இணைப்புகளை அடைக்கற ஓ-ரிங்னு ஒரு ரப்பர் வளையம், அது சரியா அடைக்காம போனா உயிர் போகும்னு 1985 ஜூலைலயே எழுதிக் கொடுத்துட்டார். 1986 ஜனவரி 27 ராத்திரி போன்ல பெரிய வாக்குவாதம், குளிர்ல அந்த வளையம் இறுகிடும், 12 டிகிரி செல்சியஸுக்கு கீழ அனுப்பாதீங்கன்னு இன்ஜினியர்ங்க சொன்னாங்க, கடைசில மேனேஜ்மென்ட் மாத்தி முடிவு பண்ணிடுச்சு. அதே கம்பெனில ஆலன் மெக்டொனால்ட்னு இன்னொருத்தர், ஏவுதளத்துல இருந்தவர், சம்மதக் கையெழுத்து அவர்தான் போட்டிருக்கணும், மாட்டேன்னுட்டார், அவருக்கு மேல இருந்தவர் போட்டு ஃபேக்ஸ் பண்ணார். மறுநாள் கிளம்பின 73வது நொடில வெடிச்சு ஏழு பேர் போயிட்டாங்க. விசாரணைல உண்மையை சொன்னதுக்கு மெக்டொனால்டை பதவி இறக்கினாங்க, அப்பறம் நாடாளுமன்றத்துல பிரச்சினையாகி திரும்ப எடுத்து அந்த இணைப்பை மாத்தி டிசைன் பண்ற பொறுப்பையே கொடுத்தாங்க. போஜோலியை கம்பெனில ஒதுக்கி வெச்சாங்க, அவர் வேலையை விட்டே போயிட்டார், 1988ல விஞ்ஞானிகள் சங்கத்தோட விருது ஒண்ணு வந்துச்சு.

என்னைக் குத்தினது விருதும் தண்டனையும் இல்ல. ராக்கெட் தரையை விட்டு மேல எழும்பினதும் போஜோலியும் கூட இருந்தவங்களும் அப்பாடான்னு மூச்சு விட்டாங்கன்னு சொல்றாங்க, கிளம்பும்போதே வெடிக்கும்னு பயந்திருந்தாங்க. அதாவது தான் சொன்னது தப்பாப் போனா போதும்னு இருந்திருக்கார் மனுஷன். நான் இங்க ஒரு புஷ் உடையணும்னு ஃபைலைப் புரட்டிட்டு இருக்கேன்.

அன்னையோட அந்த ஃபைலைத் தேடறதை நிறுத்தினேன். நான் நல்லது பண்ணல, பந்தயம் கட்டியிருக்கேன், ஜெயிக்கலன்னு அழுதுட்டு இருக்கேன்னு தோணுச்சு. உண்மையில அந்த ஒம்போது மைக்ரானால எதுவும் ஆகாம கூட இருக்கலாம், இல்ல ரெண்டு வருஷம் வர வேண்டிய புஷ் ஒரு வருஷத்துல தேஞ்சு யாரோ ஒரு மெக்கானிக் காரணம் தெரியாம மண்டையைச் சொறிஞ்சிருக்கலாம், எனக்குத் தெரியப் போறதே இல்ல. என் வேலை சரியா நடந்தா நடக்கறது என்னன்னா, ஒண்ணும் நடக்காது. ஒண்ணும் நடக்காததுக்கு யார் வந்து மாலை போடுவாங்க? ஆனா எங்கயோ ஒருத்தர் அந்த பீஸை டப்பாவுல இருந்து எடுத்து அளக்காம மாட்டறார், ஏன்னா ஒருத்தி அளந்து கையெழுத்து போட்டிருக்கான்னு நம்பறார். அவர் கண்ணுக்கு பதிலா என் கண்ணு. அவர் என்னைப் பாராட்டணும்னா முதல்ல நான் இருக்கறதே அவருக்குத் தெரியணும், தெரியாது. இது புரிஞ்சதும் ஒரு பாரம் குறைஞ்சுது, ஆனா கோவம் குறையலங்கறதையும் சொல்லிடறேன். அந்த அப்ரைசல் ஞாபகம் வந்தா இன்னைக்கும் பல்லைக் கடிக்கத்தான் செய்யறேன்.

இன்னொண்ணு ரொம்ப வலிச்சது, கூட இருந்தவங்க பேச்சு. "நீ சொன்ன விதம்தான் சரியில்ல", "கொஞ்சம் தன்மையா போயிருக்கலாம்", எல்லாம் எனக்கு நல்லது நினைக்கறவங்கதான், என் வீட்டுக்காரர் உட்பட. ரொம்ப நாள் கழிச்சு தெரிஞ்சுது இதுக்கு ஒரு காரணம் இருக்குன்னு. மெல்வின் லெர்னர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், 1966ல அவரும் இன்னொருத்தரும் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஒரு பொண்ணுக்கு ஷாக் அடிக்கற மாதிரி நடிக்க வெச்சு, மத்தவங்களைப் பாக்க விட்டாங்க. இது நிக்கப் போறதில்ல, தொடர்ந்து நடக்கும்னு நினைச்சவங்க அந்தப் பொண்ணையே மட்டமா மதிப்பு போட ஆரம்பிச்சுட்டாங்க. உலகம் நியாயமாத்தான் நடக்குதுன்னு நம்பினாதான் மனுஷனுக்கு தூக்கம் வரும், அதனால ஒருத்தி அடி வாங்கினா அவகிட்டதான் ஏதோ தப்பு இருக்கணும். இதைப் படிச்சதுக்கு அப்பறம் அவங்க மேல இருந்த வருத்தம் பாதி போச்சு. இதே நம்பிக்கை எனக்குள்ளயும் இருந்ததாலதான் கம்ப்ளைன்ட் ஃபைலைத் தேடினேன்னு வெச்சுக்கோங்களேன்.

ஊரே அப்படித்தான், நீ மட்டும் என்ன பெரிய இவளான்னு கேப்பாங்க. ஊரு அப்படி இல்லன்னு ஒரு கணக்கு இருக்கு. 40 நாடுகள்ல 17,000க்கும் மேல பர்ஸை கீழ கிடந்துச்சுன்னு சொல்லி பேங்க், ஹோட்டல் மாதிரி இடங்கள்ல கொடுத்து யார் திருப்பி அனுப்பறாங்கன்னு பாத்தாங்க, 2019ல வந்துச்சு. பணம் இல்லாத பர்ஸ் 40 சதவீதம் திரும்பிச்சு, பணம் இருந்தது 51 சதவீதம். பணம் இருந்தா அமுக்கிடுவாங்கன்னுதான் கேட்டவங்க பெரும்பாலும் ஊகிச்சாங்க, நடந்தது தலைகீழ். ஆக, நாம நினைக்கறதை விட பக்கத்துல இருக்கறவங்க ஒழுங்கானவங்க, அதை யாரும் வெளில சொல்றதில்ல. பாதி பர்ஸ் திரும்பலங்கறதும் உண்மைதான்.

சரி, நடைமுறைல நான் என்னென்ன மாத்திக்கிட்டேன்னு அந்தப் பொண்ணுக்கு சொல்ல வேண்டியது.

எதுக்கு நிக்கறது எதுக்கு விடறதுன்னு முதல்ல பிரிச்சேன். முன்னாடி எல்லாத்துக்கும் மல்லுக்கு நிப்பேன், ஃபார்ம்ல ஒரு கட்டம் காலியா இருந்தாலும் நிறுத்துவேன், அதனாலயே நிஜமா நிறுத்த வேண்டிய அன்னைக்கு என் பேச்சுக்கு மதிப்பில்லாம போச்சு, இது என் தப்புதான். இப்ப ஒரே கேள்விதான் கேட்டுக்கறேன், இதை சரி பாக்க வழியில்லாத ஒருத்தர் என்னை நம்பி இதை எடுத்துக்கறாரா? ஆமான்னா இறங்க மாட்டேன். இல்லன்னா, ஃபார்மட் தப்பு, வெளிப்பக்க சின்ன கீறல், யார் டேபிள்ல ஃபைல் இருக்கணும்ங்கற சண்டை, இதெல்லாம் விட்டுடுவேன், சிரிச்சுட்டே விடுவேன்.

டைரி எழுதறேன். தேதி, லாட், ரீடிங், யார்கிட்ட சொன்னேன், என்ன பதில் வந்துச்சு. யாரையும் திட்டி ஒரு வார்த்தை கூட எழுதறதில்ல, "அநியாயம்"னு எழுதின பக்கத்தை ஒரு தடவை நானே கிழிச்சுட்டேன், ஏன்னா அந்த வார்த்தை இருந்தா நாளைக்கு அதைப் படிக்கறவங்க ரீடிங்கைப் பாக்க மாட்டாங்க, என் கோவத்தைத்தான் பாப்பாங்க.

உபதேசம் பண்றதை நிறுத்தினேன், இது கஷ்டமா இருந்துச்சு. கையெழுத்து போட்டவர்கிட்ட ஒரு வருஷம் முகம் குடுத்து பேசல. அப்பறம் ஒரு நாள் அவரே சொன்னார், வீட்டுக் கடன், தங்கச்சி படிப்பு, ஒரு மாச சம்பளம் நின்னா எல்லாம் கவுந்துடும்னு. எனக்கு வீட்டுல இன்னொரு சம்பளம் வருது. என் நேர்மைக்கு நான் கொடுத்த விலையும் அவர் கொடுக்க வேண்டியிருந்த விலையும் ஒண்ணு இல்ல. அவர் பண்ணது தப்புங்கறதுல எனக்கு சந்தேகமில்ல, ஆனா அவரை எடை போடற தராசு என்கிட்ட இல்ல. அதுல இருந்துதான் நான் ஒரு பழக்கம் எடுத்துக்கிட்டேன், ஆறு மாச வீட்டுச் செலவு எப்பவும் தனியா இருக்கணும், நகை வாங்கறதுக்கு முன்னாடி அது. மாட்டேன்னு சொல்ற தைரியத்துல முக்கால்வாசி அந்த சேமிப்புல இருந்துதான் வருது, குணத்துல இருந்து வருதுன்னு நான் நம்பிட்டு இருந்தேன்.

அவசரம். 1973ல வந்த ஒரு சோதனை, பாதிரியார் ஆகப் படிக்கற பசங்களை ஒரு கட்டடத்துல இருந்து இன்னொண்ணுக்கு பேச அனுப்பினாங்க, வழில ஒருத்தர் முடியாம சுருண்டு கிடந்தார். நேரம் நிறைய இருந்தவங்கள்ல 63 சதவீதம் பேர் நின்னு உதவினாங்க, லேட்டாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பினவங்கள்ல 10 சதவீதம். ஆள் கெட்டவங்க இல்ல, கடிகாரம்தான். எங்க ஷாப்லயும் தப்பான கையெழுத்து எல்லாமே மாசக் கடைசி, வண்டி நிக்கும்போது விழுந்ததுதான். அதனால நான் சண்டையை முன்னாடி நகர்த்தினேன். இன்செர்ட் மாத்தினா அடுத்த ரெண்டு பீஸை அளந்து காட்டிட்டுதான் மெஷினை ஓட்டணும்னு ஒரு வழக்கம் கொண்டு வர ஆறு மாசம் கெஞ்சினேன். ரெண்டு பீஸ் தப்பா போனா யாருக்கும் உண்மை சொல்றதுல கஷ்டமில்ல, தூக்கிப் போட்டுட்டு ஆஃப்செட்டைத் திருத்திடுவாங்க. இருநூறு பீஸ் ஆனதுக்கு அப்பறம்தான் மனுஷனுக்கு பொய் தேவைப்படுது. நான் அன்னைக்கு கை நடுங்க நின்னதை விட இதாலதான் உருப்படியா ஏதோ நடந்திருக்குன்னு நினைக்கறேன், இதுக்கும் யாரும் ஒண்ணும் சொல்லல, இப்ப அந்த வழக்கம் யார் கொண்டு வந்ததுன்னே புது ஆளுங்களுக்குத் தெரியாது.

அப்பறம் ஒரே ஒரு ஆள் வேணும். அந்த சீனியர் ரிட்டயர் ஆயிட்டார், மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவேன். தீர்வெல்லாம் சொல்ல மாட்டார், "என்ன ரீடிங் வந்துச்சு"ன்னு மட்டும் கேப்பார், நான் நம்பரை சொல்லுவேன், சரின்னு சொல்லுவார். நான் பைத்தியக்காரி இல்லன்னு தெரிஞ்சுக்க எனக்கு அவ்ளோ போதும். அப்படி ஒரு ஆளும் இல்லாத இடத்துல, தினமும் பொய் எழுதச் சொல்ற இடத்துல இருந்தா வேற வேலை தேடறதுதான் சரி, அங்கயே நின்னு கருகறதுல ஒரு பெருமையும் இல்ல.

நேத்து சாயங்காலம் வேற ஒரு லாட்ல மூணு பீஸ் அவுட். ஹோல்ட் டேக் கட்டி ஓரமா வெச்சிருக்கேன், காலைல ஒம்போது மணிக்கு மீட்டிங்னு மெசேஜ் வந்திருக்கு, யார் யார் வராங்கன்னு போடல. டைரில எழுதியாச்சு, மூணு பீஸ்லயும் மார்க் பண்ணி தனி டப்பால போட்டாச்சு, கேஜை துடைச்சு எண்ணெய் போட்டு பெட்டில வெச்சுட்டேன். அந்தப் பொண்ணையும் மீட்டிங்குக்கு கூப்பிட்டிருக்கேன், சும்மா பக்கத்துல உக்காரு, எதுவும் பேச வேண்டாம்னு.